டவுண் இல்லத்து வேலையறை

விஞ்ஞான வரலாறு எழுதுவோர் கொள்கைகளைப் பற்றி விரிவாகப் பேசுவர். கொள்கைகளைத் தாங்கி வந்த நூல்களைப் பற்றியும் பேசுவர். அந்நூல்கள் எழுதப்பட்ட மேசையையும் கதிரையையும் அவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சாள்ஸ் டார்வினைப் பொறுத்தவரை இந்தப் புறக்கணிப்பு பாரதூரமானது. கூர்ப்புக் கொள்கையின் ஆசிரியராக உலகம் அறிந்த இம்மனிதர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கதிரை வகித்தவரல்லர். எந்த ஆய்வுகூடத்திலும் சம்பளம் பெற்றவரல்லர். 1842ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் தொடக்கம் 1882ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் திகதி இறக்கும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், கெண்ற் மாவட்டத்துக் கிராமமொன்றிலே தம் வீட்டின் கீழ்த்தளத்து அறையொன்றில் இருந்தே அவர் வேலை செய்தார். அவ்வறை எவ்வாறு அமைக்கப்பட்டது, அதன் வசதிகளுக்கு யார் விலை கொடுத்தனர், அங்கு பிறந்த அறிவை அக்காலத்துக் கல்வியுலகம் எவ்வாறு மதித்தது என்பன சமூக வரலாற்றுக்கும் உரிய வினாக்களாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பொதுப்போக்கு வேலையை வீட்டிலிருந்து வெளியேற்றுவதாகவே இருந்தது. நெசவாளியின் தறி குடிசையை விட்டு ஆலைக்குச் சென்றது. கணக்கரின் பேரேடு வணிகனின் மாடியறையை விட்டுக் கந்தோருக்குச் சென்றது. இலண்டன் லெடன்ஹோல் வீதியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பனியின் மாளிகை இப்புதிய உலகின் சின்னம். கட்டுரையாசிரியர் சாள்ஸ் லாம் அங்கு 1792 முதல் 1825 வரை எழுதுவினைஞராக இருந்தார். ஜோன் ஸ்ருவட் மில் 1823 முதல் 1858 வரை பணிபுரிந்தார். (மில் தம் சொந்த எழுத்து வேலைகளிற் சிலவற்றையும் அம்மேசையிலேயே முடித்துக்கொண்டார் என்பது இன்றைய அலுவலர் பலருக்கு ஆறுதலளிக்கக்கூடிய செய்தி.) இவ்வாறு வேலை ஓரிடம், வாழ்வு வேறோரிடம் எனப் பிரிந்துகொண்டிருந்த காலத்திலேதான் டார்வின் இலண்டனில் இருந்து புறப்பட்டு, இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்க முற்பட்டார்.

வீட்டுக்குள் வாசிப்பறை அமைப்பது புதுமையன்று. இத்தாலியின் உர்பினோ அரண்மனையில் பெடெரிக்கோ டா மொன்றெபெல்த்ரோ என்னும் பிரபு 1470களில் அமைத்த சிற்றறை உலகப் புகழ் பெற்றது. அதன் சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் பல நிற மரத்துண்டுகளைப் பதித்துச் செய்த சித்திரங்கள்: பாதி திறந்த அலுமாரிகள், அவற்றுள் நூல்கள், இசைக்கருவிகள், கணிதக் கருவிகள். அவை யாவும் மரத்தில் தீட்டிய மாயத் தோற்றங்களே, திறக்கக்கூடிய அலுமாரிகளல்ல. மேலே புலவர், ஞானியர் என இருபத்தெட்டுப் பேரின் உருவப்படங்கள் தொங்கின. அறிவுடையான் என உலகுக்குக் காட்டுவதே அவ்வறையின் முதன்மையான தொழில் எனலாம். டவுண் இல்லத்து அறை இதற்கு நேர்மாறானது. அங்கு அழகுக்கென வைக்கப்பட்டவை மிகச் சில. கணப்படுப்பின் மேலே நண்பர்களான ஜோசப் ஹூக்கர், சாள்ஸ் லைல் ஆகியோரின் படங்களும், பாட்டனாரான மட்பாண்டத் தொழிலதிபர் ஜொசையா வெட்ஜ்வுட்டின் படமும் தொங்கின. மற்றெல்லாம் பாவனைக்கு உரியவை. அவற்றிற் பல மலிவானவை, சில உடைந்தவை.

1839இல் தம் மைத்துனி எம்மா வெட்ஜ்வுட்டை மணந்த டார்வின் இலண்டன் அப்பர் கவர் வீதியிற் குடியிருந்தார். நகரின் புகையும் இரைச்சலும் விருந்தோம்பற் கடன்களும் அவரது உடல்நிலைக்கு ஒவ்வவில்லை. இலண்டனில் இருந்து ஏறத்தாழ 16 மைல் தொலைவில் விற்பனைக்கு வந்த டவுண் இல்லம் கண்ணுக்கினியதாக அவருக்குத் தோன்றவில்லை. பழமையின் கவர்ச்சியும் புதுமையின் கவர்ச்சியும் அற்ற அவலட்சணமான வீடு என்றே கருதினார். ஆயினும் அறைகள் போதியளவு இருந்தன, விலையும் அதிகமன்று. பணம் தந்தையாரிடமிருந்து வந்தது. இங்கே ஒரு பொருளாதார உண்மையை மறைத்தல் தகாது. திருமணத்தின்போது டார்வினின் தந்தை 10,000 பவுணும், எம்மாவின் தந்தை 5,000 பவுணும் ஆண்டுதோறும் 400 பவுணும் வழங்கினர். 1848இல் தந்தை இறந்தபின் கிடைத்த முதுசம் இன்னும் பெரிது. வைத்தியத் தொழிலிலும் மட்பாண்ட ஆலையிலும் திரண்ட செல்வமே அவ்வறையின் அத்திவாரம். மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து வாழ்ந்த ஒருவர் எட்டு ஆண்டுகளைக் கொட்டலசு ஆராய்ச்சியிற் செலவிட்டிருக்க முடியுமா என்பது சிந்திக்கற்பாலது.

வீட்டுக்கு வந்த சிறிது காலத்தில் அவர் மேற்கொண்ட திருத்தங்கள் அவரது மனப்போக்கைக் காட்டுவன. வீட்டின் முன்னாற் சென்ற ஒழுங்கையில் நடப்பவர்கள் உள்ளே பார்க்கக்கூடியதாக இருந்தது. எனவே ஒழுங்கையையே ஏறத்தாழ இரண்டடி ஆழத்துக்கு வெட்டித் தாழ்த்தி, மதிலும் எழுப்பினார். வேலையறை யன்னலருகே ஒரு கண்ணாடியைப் பொருத்தினார். வாயிலை நோக்கி வருபவர் யார் என்பதை இருந்த இடத்திலிருந்தே அதிற் காணலாம். அறையின் ஒரு மூலையைத் திரையால் மறைத்து, நீர்ப் பாத்திரமும் நோயுற்றவேளை தேவைப்படும் பொருள்களும் வைத்துக்கொண்டார். அடிக்கடி வாந்தியாலும் தலைச்சுற்றாலும் வருந்திய மனிதருக்கு அது அலங்காரமன்று, அத்தியாவசியம். நோயின் காரணம் பற்றி மருத்துவ அறிஞர் இன்றுவரை வாதிடுகின்றனர். ஆனால், அந்நோயே அவருக்கு வேண்டாத கூட்டங்களையும் விருந்துகளையும் தவிர்க்க உதவிய அரண் என்பதில் ஐயமில்லை.

அறையின் நடுநாயகம் கதிரை. குதிரைமயிர் திணித்த பெரிய சாய்வுக் கதிரை அது. டார்வின் ஆறடி உயரமானவர். ஆகவே கதிரைக்கு இரும்புக் கால்கள் பூட்டி உயர்த்தி, அடியில் சிறு சில்லுகளும் பொருத்தினார். எழாமலே யன்னலுக்கும் அடுப்புக்கும் நூலடுக்குக்கும் உருண்டு செல்லலாம். எழுதுவதற்கு அவர் மேசையை நாடவில்லை. கதிரையின் இரு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையை வைத்து, அதன்மேற் கடுதாசியை விரித்து எழுதினார். நூல்களின் கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் இப்பலகையிலேயே உருப்பெற்றன. 1859ஆம் ஆண்டு நொவெம்பர் 24ஆம் திகதி வெளிவந்து, 1,250 பிரதிகள் அச்சிடப்பட்ட ‘இனங்களின் தோற்றம்’ இதற்கு விலக்கன்று. கடுதாசியும் பெரும்பாலும் புதியதன்று. பழைய அச்சுப்பிரதிகளினதும் கையெழுத்துப் பிரதிகளினதும் பின்புறத்தை அவர் வீணாக்குவதில்லை.

யன்னலோடு சேர்த்துப் பொருத்திய தடித்த பலகையொன்று அறுத்தாயும் மேசையாக விளங்கியது. சாதாரண மேசையினும் தாழ்ந்தது. அதன் முன் பதிவான முக்காலி; இருக்கை அச்சிற் சுழலும், கால்களிற் பெரிய சில்லுகள். நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்தவாறே இருபுறமும் திரும்ப இது வசதி. இடக்கைப் பக்கத்தில் வட்டமேசையொன்று நின்றது. நிலைக்குத்தான அச்சிற் சுழலும் அம்மேசையைச் சுற்றி, நம்மவர் லாச்சி என வழங்கும் இழுப்பறைகள். ஒன்றில் ‘நல்ல கருவிகள்’, ஒன்றில் ‘முரட்டுக் கருவிகள்’, ஒன்றில் ‘மாதிரிகள்’ என்ற கருத்துப்பட ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. எந்தப் பொருளையும் எறிந்துவிட்டால் மறுகணமே அது தேவைப்படும் என்பது அவர் கொள்கை. அதனால் இழுப்பறைகளில் ஒன்றுக்கும் உதவாதவை போலத் தோன்றும் துண்டுதுணுக்குகள் குவிந்திருந்தன என அவருடைய மகன் பிரான்சிஸ் எழுதியுள்ளார். இவ்வறை பற்றி இன்று அறியக்கூடியவற்றிற் பெரும்பகுதி பிரான்சிசின் நினைவுக் குறிப்புகளிலிருந்தே பெறப்படுகிறது. தந்தையைத் தெய்வமாக்காமல், அவர் பென்சிலை எங்கே வைத்தார் என்றெல்லாம் எழுதும் மகன்மார் அரியர்.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? 1831ஆம் ஆண்டு திசெம்பர் 27 முதல் 1836ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2 வரை பீகிள் கப்பலில் அவர் பெற்ற பயிற்சியையே இதன் ஊற்றாகக் கொள்ளல் வேண்டும். கப்பலின் பின்புறத்தில் ஏறத்தாழப் பத்தடிக்குப் பதினோரடி அளவான அறையொன்று அவருக்குக் கிடைத்தது. அதுவும் தனியறையன்று. தேசப்படம் வரையும் பெரிய மேசை இடத்தின் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டது. பாய்மரத்தண்டு ஒன்றும் அறையை ஊடறுத்துச் சென்றது. இரவில் மேசைக்கு மேலேயே தூங்குமஞ்சம் கட்டினார். வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லாவிட்டால் அத்தகைய இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. அந்நெருக்கடியே தமக்கு ஒழுங்கைக் கற்பித்ததென அவர் பிற்காலத்திற் கூறுவதுண்டு. டவுண் இல்லத்து அறையிற் கைக்கெட்டும் தூரத்திலேயே யாவும் இருந்தமை கப்பலறையின் நிழலே. ஒரு வேறுபாடு: இது அசைவதில்லை, கதிரைதான் அசைந்தது.

நூல்களை அவர் நடத்திய முறை நூலபிமானிகளைத் திடுக்கிட வைக்கும். அவருக்கு நூல் ஒரு கருவி. கட்டும் பதிப்பும் பொருட்டல்ல. கையிற் பிடிக்கப் பாரமான நூலை நடுவே கிழித்து இரண்டாக்கிவிடுவார். லைலின் நூலொன்றையும் இவ்வாறு வெட்ட நேர்ந்ததை அவரிடமே கூறி, அடுத்த பதிப்பை இரு தொகுதிகளாக வெளியிடச் செய்ததாகப் பெருமைப்பட்டாராம். சிறு பிரசுரங்களில் வேண்டிய பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிவார். (பொருள்களை எறியாதவர் பக்கங்களை எறிந்தது விசித்திரந்தான்.) இவ்வன்முறைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருந்தது. படித்த நூலின் கடைசித் தாளில், தமக்குப் பயன்படும் பக்கங்களின் எண்களையும் பொருளையும் குறிப்பார். குறிப்புகள் முப்பது நாற்பது பெரிய உறைகளிற் பொருள்வாரியாகச் சேர்ந்தன. உறைகள் பெயரிடப்பட்ட தட்டுகளில் அடுக்கப்பட்டன. ஒரு விடயத்தை எழுதத் தொடங்குமுன் அதற்குரிய உறையை எடுத்தாற் போதும். பல ஆண்டு வாசிப்பு அதனுள் இருக்கும். அட்டைக்குறிப்புகளோடு போராடும் ஆய்வு மாணவர் எவருக்கும் இம்முறையின் அருமை புரியும்.

அறைக்கு இருந்த ஒழுங்கு நேரத்துக்கும் இருந்தது. காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை வேலை. அதுவே அவர் சிறந்ததாகக் கருதிய பொழுது. பின் வரவேற்பறையில் அன்றைய கடிதங்களைப் பார்த்தல். எம்மாவோ பிறரோ வாசிக்கக் கேட்டல். பத்தரைக்கு மீண்டும் அறை. நண்பகலோடு அன்றைய பெருவேலை முடிந்துவிடும். அதன்பின் மழையாயினும் வெயிலாயினும் தோட்டத்தின் ஓரத்து மணற்பாதையில் நடை. மாலையில் மேலும் ஒரு மணிநேர வேலை. அவ்வளவுதான். நாளொன்றுக்கு நான்கு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடிய உழைப்பில் இத்தனை நூல்கள் எழுதப்பட்டன என்பதை நம்புவது கடினம். ஆயின் அந்த நான்கு மணிநேரத்தில் ஒரு நிமிடமும் சிந்தவில்லை. மூக்குத்தூள் பழக்கத்தைக் குறைப்பதற்கு அவர் கண்ட வழி இங்கு நினைக்கத்தக்கது: தூள் சாடியை அறையில் வைக்காமல் வெளி மண்டபத்தில் வைத்தார். எழுந்து நடக்கவேண்டும் என்ற சிரமம் ஆசையைத் தடுக்கும் என்பது கணக்கு. சாடியின் மூடி எழுப்பும் ஓசை வீட்டாருக்கு நன்கு பழகிப்போயிற்று என்பதிலிருந்து அக்கணக்கின் வெற்றி எத்தகையது என ஊகிக்கலாம்.

இவ்வறையை ஒரு முனிவரின் குகை போலக் காட்டும் எழுத்துகள் பல. அது பொருந்தாது. டார்வின் தம்பதியருக்குப் பத்துப் பிள்ளைகள். அவர்களுள் எழுவர் வளர்ந்தோராயினர். 1851இல் மகள் ஆனி பத்து வயதில் இறந்தமை தந்தையை வாழ்நாள் முழுவதும் வாட்டிய துயரம். எஞ்சியோர் வீடு முழுவதும் ஓடித்திரிந்தனர். வேலை நேரத்தில் அறைக்குள் நுழைவது தவறு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், ஆயினும் நுழைந்தனர். காரணம் எளிது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, நூற்கயிறு, குண்டூசி, கத்தரிக்கோல், முத்திரை, அடிக்கோல், சுத்தியல் ஆகியவை அவ்வீட்டில் நிச்சயமாகக் கிடைக்கும் ஒரே இடம் தந்தையின் அறை. நான்கு வயது மகனொருவன் ஆறு பென்சு தருவதாகக் கூறி, வேலை நேரத்தில் விளையாட வருமாறு தந்தையை அழைத்தான். சில்லு முக்காலி பிள்ளைகளுக்கு ஓடமாயிற்று. நீண்ட தடியால் தரையை உந்தி அதிற் பயணம் செய்தனர். 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் தந்தை கொட்டலசுகளையே அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தமையால், அதுவே எல்லாத் தந்தையரதும் தொழிலென ஒரு பிள்ளை எண்ணி, அயல்வீட்டுத் தகப்பனார் தம் கொட்டலசு வேலையை எங்கே செய்கிறார் என்று வினவியதாக ஒரு கதை அக்குடும்பத்தில் வழங்கிற்று.

வீட்டின் பொருள்களும் ஆய்வுக் கருவிகளும் வேறுபடுத்த முடியாதவையாயின. நாற்றுகளை மூட பிஸ்கற்றுச் சாடிகள். விதை முளைக்கவிடத் தேநீர்த் தட்டுகள். நீளம் அளக்க வீட்டார் யாவரும் பாவித்த மூன்றடிக் கோல். உயரமான செடிகளுக்கு ஊர்த் தச்சர் செய்துகொடுத்த ஏழடித் தடி. நோயுற்று அறைக்குள் முடங்கியபோது, தொட்டியொன்றில் வளர்ந்த கொடியை அருகில் வைத்து, அது வட்டமிட்டுச் சுற்றும் வேகத்தை இரவும் பகலும் கணித்தார். முதுமையில் மண்புழுக்களைத் தொட்டிகளிலிட்டு அறைக்குள்ளேயே வளர்த்தார். அவற்றுக்குச் செவிப்புலன் உண்டா என்றறியக் குடும்பமே திரண்டது: பேரன் ஊதல் ஊத, பிரான்சிஸ் பசூன் வாசிக்க, எம்மா பியானோ வாசித்தார். புழுக்கள் எதனையும் பொருட்படுத்தவில்லை. ஆயின் தொட்டியைப் பியானோவின் மேல் வைத்து வாசித்தபோது அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஒளிந்தன. 1881இல் வெளிவந்த மண்புழு பற்றிய நூலில் இவை யாவும் விஞ்ஞானச் சான்றுகளாக இடம்பெற்றன.

குடும்பத்தாரின் உழைப்பை இத்தகைய வேடிக்கைகளோடு நிறுத்திவிடுதல் நீதியன்று. எம்மா அச்சுப்பிரதிகளைப் பார்த்தார்; சொல்லச் சொல்ல எழுதினார்; மாலைகளில் நாவல் வாசித்துக் கணவரின் மூளைக்கு ஓய்வளித்தார்; நோயிற் பேணினார்; விருந்தினரைக் கணவரிடமிருந்து காத்தார். மகள் ஹென்றியேற்றா 1871இல் வெளிவந்த ‘மனிதனின் வழித்தோன்றல்’ நூலின் அச்சுப்பிரதிகளை வரிவரியாகத் திருத்தினார். ஊர்ப் பள்ளி ஆசிரியரொருவர் கூலிக்குச் செம்பிரதி எழுதினார். பணியாளர் நீரும் நெருப்பும் உணவும் நேரம் தவறாமற் கொணர்ந்தனர். கதவு மூடிய அறையொன்று அவ்வீட்டில் டார்வினுக்கு இருந்தது. எம்மாவின் வேலை பிள்ளைகளும் விருந்தினரும் வந்துபோகும் வரவேற்பறையிலேயே நடந்தது. 1844ஆம் ஆண்டு யூலை 5ஆம் திகதி, தாம் திடீரென இறந்துவிட்டால் இயற்கைத் தேர்வு பற்றிய கட்டுரையை 400 பவுண் செலவிட்டு வெளியிடுமாறு டார்வின் கடிதம் எழுதி வைத்தார். அக்கடிதம் சக விஞ்ஞானி எவருக்கும் அன்று, எம்மாவுக்கே எழுதப்பட்டது. கணவரின் கருத்துகளால் தம் சமய நம்பிக்கை புண்பட்டபோதிலும் அப்பொறுப்பை ஏற்கக்கூடியவர் அவரே என்பது எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

அறையின் இன்னொரு உறுப்பு தபால். 1840இல் இங்கிலாந்திற் பென்னித் தபால்முறை வந்தது. இரண்டே ஆண்டுகளில் டார்வின் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். மலிவான, ஒழுங்கான தபால் இல்லாவிடின் டவுண் வாசம் உண்மையிலேயே வனவாசமாகியிருக்கும். அவர் எழுதியனவும் பெற்றனவுமாக ஏறத்தாழ 15,000 கடிதங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. புறா வளர்ப்போர், தோட்டக்காரர், தூதுவர், பாதிரிமார், கப்பல் வைத்தியர் எனப் பலதரப்பட்டோரிடமிருந்தும் அச்சாய்வுக் கதிரைக்குச் செய்திகள் வந்து குவிந்தன.

இவ்வலையின் இழையொன்று பேராதனையையும் தொட்டது. 1849 முதல் 1880 வரை பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைமைப் பொறுப்பில் இருந்த துவைற்ஸ் டார்வினோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். லிம்னாந்தெமம் என்ற நீர்த்தாவரத்தின் பூக்களை மதுசாரத்திலிட்டு இலங்கையிலிருந்து அவர் அனுப்பினார். அப்பூக்களை அளந்து பெற்ற முடிவுகளை, ஒரே இனத்தில் இருவகைப் பூக்கள் தோன்றுவது பற்றி 1877இல் வெளியிட்ட நூலில் டார்வின் சேர்த்துக்கொண்டார். மனித உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி 1867இல் உலகெங்கும் அனுப்பிய வினாக்கொத்துக்கு இலங்கையிலிருந்தும் விடை சென்றது. பிடிபட்ட யானைகள் கண்ணீர் விடுவது பற்றி எமேர்சன் ரெனன்ற் எழுதியதும் 1872ஆம் ஆண்டு நூலிற் பேசப்படுகிறது. வீட்டை விட்டு அகலாத மனிதரின் அறைக்குள் பேரரசு முழுவதும் உறைகளில் வந்துசேர்ந்தது எனலாம். அவ்வுறைகளை அனுப்பக்கூடிய ஆங்கிலேய அதிகாரிகள் எங்கும் இருந்தமைக்குக் காரணம் குடியேற்ற ஆட்சியே. பேராதனைப் பூங்காவில் நீர்த்தாவரத்தைத் தேடிப் பறித்த கைகள் யாருடையவை என்பதை டார்வினின் நூல் கூறுவதில்லை.

உறைகளில் ஒன்று அறையின் அமைதியையே குலைத்தது. 1858ஆம் ஆண்டு யூன் 18ஆம் திகதி, மொலுக்காத் தீவுகளிலிருந்து அல்பிரட் றசல் வொலஸ் அனுப்பிய கட்டுரை டார்வினின் கைக்கெட்டியது. இருபது ஆண்டுகளாகத் தாம் கட்டிவந்த கொள்கையின் சாரம் அதில் இருந்தது. வொலசுக்கு முதுசம் இல்லை. சுழலும் மேசை இல்லை. பறவைத் தோல்களையும் வண்டுகளையும் விற்றுச் சீவித்தவர், தீவுக்குத் தீவு வாடகைக் குடில்களிற் காய்ச்சலோடு தங்கி எழுதினார். நல்ல அறையிருந்தாற்றான் நல்ல சிந்தனை பிறக்கும் என்போர்க்கு வொலஸ் ஒருவரே போதிய மறுப்பு. ஆயினும் அடுத்து நிகழ்ந்ததையும் நோக்கவேண்டும். யூலை முதலாந் திகதி இலினியன் சங்கத்தில் இருவர் எழுத்துகளும் வாசிக்கப்பட்டன. இருவரும் அங்கு இல்லை. வொலஸ் தீவுகளில் இருந்தார். மூன்று நாள் முன்னர் இறந்த குழந்தையின் துயரில் டார்வின் வீட்டில் இருந்தார். பின் ஓராண்டுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் டார்வினால் பெருநூலை எழுதி முடிக்க முடிந்தது. உறைகள் தட்டுகளில் ஆயத்தமாக இருந்தன. சிந்தனை குடிலிலும் பிறக்கும்; சான்றுகளை இருபதாண்டு அடுக்கி வைக்கத்தான் தட்டு வேண்டும். வொலஸ் பிற்காலத்திற் பணமுடையால் வருந்தியபோது 1881இல் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண் அரச உபகாரச் சம்பளம் கிடைக்க முன்னின்றவர்களுள் டார்வினும் ஒருவர்.

இறுதிக் காலத்தில் வேறொரு சவால் எழுந்தது. அதுவே இவ்வறையின் வரலாற்றில் மிக முக்கியமானது. ஜேர்மனியில் அப்போது பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் எழுச்சி பெற்றிருந்தன. வூற்ஸ்பேர்க் நகரில் ஜூலியஸ் சக்ஸ் நடத்திய தாவர உடற்றொழிலியல் ஆய்வுகூடம் அவற்றுள் தலைசிறந்தது. நுண்கருவிகளும் பயிற்சி பெற்ற மாணவரும் அங்கு இருந்தனர். பிரான்சிசும் அங்கு சென்று பயின்றார். 1880இல் தந்தையும் மகனும் சேர்ந்து ‘தாவரங்களின் அசையுந் திறன்’ என்ற நூலை வெளியிட்டனர். வேரின் நுனியே புவியீர்ப்பை உணர்கிறது. புல்லின் இளமுளையில் நுனியே ஒளியை உணர்கிறது. அங்கிருந்து ஏதோவொரு தூண்டல் கீழ்நோக்கிச் சென்று வளைவை ஏற்படுத்துகிறது என்பது அதன் துணிபு. முளையின் நுனியை ஒளிபுகாச் சிறு தொப்பியால் மூடியும், வேர்நுனியை வெட்டியும் செய்த பரிசோதனைகள் அவை. சக்ஸ் சீறினார். டார்வினின் பரிசோதனைகள் திறமையின்றிச் செய்யப்பட்டவை, பிழையாக விளக்கப்பட்டவை என 1882இல் வெளியான தம் விரிவுரைகளிற் கண்டித்தார். வீட்டில் பிஸ்கற்றுச் சாடியோடு விளையாடும் கனவானுக்கும் ஆய்வுகூடத்துப் பேராசிரியருக்கும் இடையிலான போட்டி அது. உண்மையான அறிவு எங்கே உற்பத்தியாகலாம், அதனை உரிமை கோர யாருக்குத் தகுதி என்பதே வழக்கு.

நிறுவன ரீதியில் வென்றவர் சக்ஸே. அடுத்த தலைமுறையில் உயிரியல் முழுவதும் ஆய்வுகூடத்துக்குக் குடிபெயர்ந்தது. வீட்டு விஞ்ஞானி அருகிப்போனார். கருத்தளவிலோ டவுண் இல்லமே நிலைத்தது. புல்முளையின் நுனியிலிருந்து கீழிறங்கும் அத்தூண்டல் ஓர் இரசாயனப் பொருள் என்பதை 1920களின் பிற்பகுதியில் ஒல்லாந்தரான வென்ற் நிறுவினார். ஒட்சின் என இன்று பாடநூல்களிற் படிக்கப்படும் வளர்ச்சி ஓமோன் அதுவே. இதனைக் கொண்டு வீடே ஆய்வுகூடத்திற் சிறந்தது என வாதிடுவது மிகை. வென்ற் தம் கண்டுபிடிப்பைச் செய்தது ஆய்வுகூடத்தில்தான். டார்வினின் சாதகநிலை வேறு: மானியமோ பரீட்சையோ பதவியுயர்வோ அவரை நெருக்கவில்லை, ஒரு முளையை எத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு முடிந்தது. அந்தப் பொறுமைக்கு விலை இருந்தது. அவ்விலையை வெட்ஜ்வுட் ஆலையும் எம்மாவும் பணியாளரும் செலுத்தினர் என்பது முன்னரே கூறப்பட்டது.

டார்வினுக்குப் பின் வீடு பல கைமாறியது. 1907இல் அங்கே பெண்பிள்ளைகளுக்கான பாடசாலையொன்று தொடங்கியது. அது வேறிடம் பெயர்ந்தபின் வீடு ஓரளவு கைவிடப்பட்ட நிலையை அடைந்தது. சத்திரசிகிச்சை நிபுணரான பக்ஸ்ரன் பிறவுண் வீட்டை வாங்கி விஞ்ஞான மேம்பாட்டுக்கான பிரித்தானியச் சங்கத்திடம் ஒப்படைக்க, 1929இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. பழைய புகைப்படத்தின் துணையோடும், குடும்பத்தார் திருப்பியளித்த தளபாடங்களைக் கொண்டும் வேலையறை முன்போல அமைக்கப்பட்டது. அதே 1929இல்தான், எழுத நினைக்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண் வருமானமும் சொந்தமாய் ஓர் அறையும் வேண்டும் என வாதிட்ட வேர்ஜீனியா வூல்பின் நூலும் வெளிவந்தது. எம்மா அதனை வாசித்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என ஊகிப்பது வரலாற்றின் வேலையன்று. 1996இல் வீடு இங்கிலிஷ் ஹெரிற்றேஜ் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. கதிரையும் எழுதும் பலகையும் வட்டமேசையும் இன்று பார்வையாளர் காண வைக்கப்பட்டுள்ளன.

எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டிய அவ்வறையில் இல்லாத ஒரு கடுதாசிக் கட்டும் உண்டு. 1842இல் டார்வின் தம் கொள்கையை முதன்முதலாக முப்பத்தைந்து பக்கங்களிற் பென்சிலால் எழுதினார். எம்மா 1896இல் இறந்தபின் வீட்டைக் காலிசெய்தபோது அது மாடிப்படியின் கீழிருந்த அலுமாரியில் அகப்பட்டது. பெறுமதியான பத்திரங்களை அவர் அங்கு வைப்பதில்லை. எறிய மனமின்றி, தட்டிலும் இடமின்றி, மிஞ்சியவற்றைப் போட்டுவைக்கும் இடம் அது. பிரான்சிஸ் அதனை 1909இல் அச்சேற்றினார்.